வாய் என்னும் வாயில்

(விழாவையொட்டி நடைபெற்ற மருத்துவ அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நோயாளியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இவ்வுரையின் பொருள் எளிதில் விளங்கும். அவர் ஐம்பது வயதினர். கடைத்தெருவில் வணிகம் செய்பவர் என்றே வைத்துக்கொள்ளலாம். சில வாரங்களாகச் சோர்வும் மூச்சிரைப்பும் இருக்கவே குருதிப் பரிசோதனை செய்கின்றனர். கடுமையான குருதிப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. குடும்பம் கலங்குகிறது, உறவினர் பணம் திரட்டுகின்றனர், இரண்டொரு நாளில் மருந்து ஏற்றத் தொடங்குகின்றனர். இதற்கிடையே அவருடைய கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று இரண்டாண்டுகளாக ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை எவரும் கேட்கவில்லை. வலி இல்லாமையால் அவரும் சொல்லவில்லை. மருந்து ஏற்றிய பன்னிரண்டாம் நாள் இரவில் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் காண்கிறது. குருதியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுப் பார்க்கையில் அதில் வளர்வது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் என்னும் கிருமி. அது வெளியிலிருந்து வந்த கிருமியன்று. அவருடைய வாயிலேயே பிள்ளைப்பருவம் முதல் குடியிருந்தது.

இவர் கற்பனை மனிதரே. ஆயினும் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர் எவர்க்கும் இவர் புதியவர் அல்லர்.

மனிதர் வாயில் வாழும் நுண்ணுயிர் வகைகள் எழுநூறுக்கு மேல் என்று கணக்கிட்டுள்ளனர். ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் பத்துக்கோடி அளவில் அவை இருக்கும். பல்லின்மேல் படியும் மெழுகு போன்ற படலத்தில் அடர்த்தி அதனினும் பன்மடங்கு. இவற்றை முதன்முதல் கண்டவர் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லேவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையின் வழியே, தம் பற்களிடையே இருந்த வெண்மையான படிவை எடுத்து நோக்கி, அதில் நீந்தியும் சுழன்றும் திரிந்த உயிர்களைப் பற்றி 1683ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். நாள்தோறும் காலையில் உப்பினால் பல் தேய்த்து நீரால் கொப்பளிக்கும் வழக்கமுடைய தம் வாயிலேயே இத்தனை உயிர்கள் உண்டென்பது அவரை வியப்பில் ஆழ்த்தியது. தம் நாட்டில் வாழும் மக்கள்தொகையைவிட ஒருவர் வாயில் வாழும் உயிர்கள் மிகுதி என்ற கருத்தையும் அவர் எழுதினார். வாழ்நாளில் பல் துலக்கியே அறியாத முதியவர் ஒருவரின் வாயையும் அவர் ஆராய்ந்தார் என்பது இன்று படிக்கையில் புன்முறுவலை வரவழைக்கும் செய்தி.

இக்குடிகளில் பெரும்பாலானவை தீங்கு செய்வன அல்ல. வாயின் உட்புறத் தோல் முழுமையாக இருக்கும்வரை அவை தத்தம் இடத்தில் இருக்கின்றன. அத்தோலின் உயிரணுக்கள் ஏறத்தாழ இரு வாரத்துக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. உமிழ்நீர் இடைவிடாது கழுவிச் செல்கிறது. அதிலுள்ள நொதிகளும் எதிர்ப்புப் புரதங்களும் கிருமிகளின் பெருக்கத்தை மட்டுப்படுத்துகின்றன.

எனினும் இந்த அரண் ஓட்டையற்றதன்று. பல்லும் ஈறும் சேரும் இடமே அதன் மெலிந்த பகுதி. உடலில் தோலைத் துளைத்துக்கொண்டு கடினமான உறுப்பொன்று வெளியே நீட்டி நிற்பது அங்கு மட்டுமே. ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலகும்போது இடையே சிறு பைகள் உண்டாகின்றன. அவற்றின் உட்சுவர் புண்ணாகவே இருக்கும். வாய் முழுதும் இவ்வாறு நோயுற்றவர்க்கு அப்பைகளையெல்லாம் பிரித்து விரித்தால் பல சதுர சென்டிமீட்டர் அளவுள்ள புண் தெரியும். கையிலோ காலிலோ அவ்வளவு பெரிய புண் இருந்தால் எவரும் வாளாவிருக்கமாட்டார். வாய்க்குள் இருப்பதால் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர்.

பல் பிடுங்கும்போது வாய்க்கிருமிகள் குருதியில் கலக்கின்றன என்பதை 1935இல் ஓகல், எலியட் என்னும் இரு ஆங்கில ஆய்வாளர் மெய்ப்பித்தனர். பல் பிடுங்கப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோரின் குருதியில் அவர்கள் கிருமிகளைக் கண்டனர். 2008இல் அமெரிக்க நாட்டில் லாக்ஹார்ட்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி சென்றது. பல் எடுக்க வந்த 290 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குப் பல் துலக்குவதை மட்டும் செய்து குருதி எடுத்தனர். இதய வால்வைத் தாக்கவல்ல வாய்க்கிருமிகள், மருந்தின்றிப் பல் எடுக்கப்பட்டோரில் நூற்றுக்கு 60 பேரிடமும், வெறுமனே பல் துலக்கியோரில் நூற்றுக்கு 23 பேரிடமும் குருதியில் காணப்பட்டன. அதே குழுவினர் பின்னர் கண்டறிந்தது மேலும் கருதத்தக்கது: துலக்கும்போது வாய் முழுதும் ஈற்றில் குருதி கசிவோர்க்கு இவ்வாய்ப்பு ஏறக்குறைய எட்டு மடங்காக இருந்தது.

அப்படியாயின் நாள்தோறும் பல் துலக்கும் கோடிக்கணக்கானோர் ஏன் நோயுறுவதில்லை? குருதியில் கலந்த கிருமிகளைக் கல்லீரலும் மண்ணீரலும் நிமிடங்களில் வடிகட்டி விடுகின்றன. குருதியில் சுற்றிவரும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களோ கிருமியைத் தேடிச் சென்று விழுங்கி அழிக்கின்றன. நலமுடையோரின் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் இவை ஏறத்தாழ 2,000 முதல் 7,000 வரை இருக்கும்.

இக்காவலர் இல்லாதுபோனால் நிகழ்வது என்ன என்பதை எண்ணிக்கையால் காட்டியவர் ஜெரால்டு போடி என்னும் அமெரிக்க மருத்துவர். குருதிப் புற்றுநோயாளிகளின் வெள்ளணு எண்ணிக்கையையும் அவர்க்கு வந்த தொற்றுகளையும் ஒப்புநோக்கி 1966இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் மருத்துவ மாணவர்க்குப் பாடம். எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழ் இறங்கும்போது தொற்று மிகுகிறது. நூற்றுக்குக் கீழே பேரச்சம் தரும் அளவை எட்டுகிறது. குறைந்த நிலை எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனைக்கும் ஆபத்து வளர்கிறது. இன்று ஐந்நூறு என்பதை மருத்துவர் எல்லைக்கோடாகக் கொள்கின்றனர்.

புற்றுநோய் மருந்துகளின் செயலை எண்ணினால் இங்கு நேரும் இரட்டை இழப்பு புலப்படும். விரைந்து பெருகும் அணுக்களை அழிப்பதே அம்மருந்துகளின் இயல்பு. புற்றணு மட்டுமன்று, எலும்பு மச்சையில் பிறக்கும் வெள்ளணுவும் வாயின் உட்தோலும் விரைந்து பெருகுவனவே. ஆகவே காவலர் தொகை குறையும் அதே நாட்களில் மதிலும் இடிகிறது. மருந்து ஏற்றிய முதல் வாரத்தின் இறுதியில் வாய் சிவந்து, எரிந்து, புண்ணாகத் தொடங்கும். வெள்ளணு மிகத் தாழ்வதும் ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில்தான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் அந்த ஏழெட்டு நாட்களே ஆபத்தானவை. மேற்கூறிய வணிகர்க்குப் பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது தற்செயலன்று.

அவருடைய பல் ஏன் முன்னறிவிப்பு எதுவும் தரவில்லை என்பதே இப்பொருளில் பலரும் அறியாத பகுதி. பல்லின் அடியில் கிருமி பெருகினால் ஈறு வீங்கும், கன்னம் புடைக்கும், சீழ் கட்டும், வலி பொறுக்க முடியாததாகும் என்று அனைவரும் எண்ணுகின்றனர். நலமுடையோர்க்கு அது மெய். ஆனால் சீழ் என்பது பெரும்பாலும் கிருமியோடு பொருது மடிந்த வெள்ளணுக்களின் குவியலே. வீக்கமும் செம்மையும் வெப்பமும் அவை திரண்டு வருவதால் உண்டாவன. வெள்ளணுவே இல்லாதபோது சீழுக்கும் இடமில்லை, வீக்கத்துக்கும் இடமில்லை. பல் அமைதியாக இருக்கிறது. அதன் வேரடியில் கிருமி தடையின்றிப் பெருகுகிறது. காய்ச்சல் ஒன்றே எஞ்சும் அடையாளம். "பல்லில் ஏதும் தொந்தரவு உண்டா?" என்று கேட்டு, "இல்லை" என்ற விடையைப் பெற்று மனநிறைவு கொள்வது இத்தகையோரிடம் போதாது. வாயைத் திறந்து, விளக்கொளியில் பார்த்து, எக்ஸ்ரே எடுத்தாலன்றி உண்மை தெரியாது.

இவ்வாறு குருதியில் நுழையும் கிருமிகளுள் முதன்மையானவை விரிடன்ஸ் என்னும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குழுவினவை. குருதி கலந்த வளர்ப்பு ஊடகத்தில் தம்மைச் சுற்றிப் பச்சை நிறம் படரச் செய்வதால், பச்சை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அவை அப்பெயர் பெற்றன. நலமுடையோரிடம் இவை சாதுவானவை; வெள்ளணு குன்றியோரிடமோ சிலர்க்குக் காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாளில் குருதியழுத்தம் வீழ்ந்து நுரையீரல் செயலிழக்கும் அளவுக்குக் கொடுமை காட்டும். சைட்டராபின் என்னும் மருந்தைப் பேரளவில் பெறுவோரிடமும் குழந்தைகளிடமும் இதனைக் கூடுதலாக எதிர்பார்க்கின்றனர். ரோத்தியா, ஃபியூசோபாக்டீரியம், லெப்டோட்ரிக்கியா, கேப்னோசைட்டோபேகா முதலிய வாய்வாசிகளும் உண்டு. கடைசியில் கூறியதற்குக் கரியமில வாயுவை உண்பது என்று பெயரின் பொருள். அவ்வாயு மிகுந்த சூழலில்தான் நன்கு வளரும், அதுவும் மெதுவாக வளரும். ஆதலால் ஆய்வுக்கூடம் முதல் நாளே விடை தருமென்று எதிர்பார்க்கலாகாது.

இக்கிருமிகள் வாயிலிருந்து வருபவை என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே காலம் பிடித்தது. முன்னாளில் குருதி வளர்ப்பில் விரிடன்ஸ் தோன்றினால், குருதி எடுக்கும்போது நேர்ந்த கலப்படம் எனத் தள்ளிவிடுவதும் உண்டு. 1980களில்தான் வெள்ளணு குன்றியோரின் உயிர்க்கு இவை உலைவைப்பவை என்பது தெளிவாயிற்று. மார்பில் பொருத்தும் மருந்துக்குழாயின்மேல் பழி போடுவது அதன்பின்னும் நீடித்தது. குழாயுள்ள நோயாளியின் குருதியில் கிருமி தோன்றினால், குழாயைத் தூய்மையாகப் பேணாத செவிலியரின் குறை என்றே கணக்கில் எழுதினர். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2013இல்தான், வாய், குடல் ஆகியவற்றின் உட்தோல் சிதைவால் நேரும் குருதித் தொற்று எனத் தனி வகையொன்றை வகுத்து, அதில் விரிடன்ஸ் குழுவைச் சேர்த்தது. தம் கையில் பிழையில்லாமலே ஏச்சுக் கேட்ட செவிலியர் எத்தனை பேரோ!

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வாய்க்கிருமியே எல்லா நோய்க்கும் வேர் என்ற கொள்கை ஒருகாலத்தில் வெறியாகவே பரவியது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்னும் இலண்டன் மருத்துவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையின் பின்னர், மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களையெல்லாம் பிடுங்கினர், பல்லாயிரவர் பொக்கை வாயராயினர், நோயோ தீர்ந்தபாடில்லை. இருபதாண்டுகட்குப் பின் அக்கொள்கை மங்கியதும், மருத்துவர் வாயை முற்றிலும் மறந்து அதனைப் பல் மருத்துவர்க்கே விட்டனர். இரண்டும் பிழையே. இன்று கேட்கப்படுவது ஒன்றுதான்: வெள்ளணுவைக் குறைக்கும் சிகிச்சை தொடங்குமுன் பல் மருத்துவர் ஒருமுறை வாயைப் பார்த்துவிட வேண்டும்.

காப்பாற்ற இயலாத பல் இருப்பின், மருந்து தொடங்குவதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்னரே, இயன்றால் இரு வாரம் முன்னரே எடுத்துவிடுதல் நன்று. புண் ஆறிய பின்னரே வெள்ளணு குறைய வேண்டும். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறுவோர்க்கு அந்த இரு வாரம் இன்றியமையாதது. கூரிய முனையுள்ள உடைந்த பல்லை மழுங்கச் செய்வதும், சொத்தையை அடைப்பதும், ஈற்றுப்பைகளைத் துப்புரவு செய்வதும் ஓரிரு நாட்பணியே. மேற்சொன்ன வணிகரைப் போல நோய் கடுமையாகி, மருந்தை ஒருநாளும் ஒத்திவைக்க முடியாத நிலையும் உண்டு. அப்போதும் பார்வையிட்டு எழுதி வைப்பது பயன் தரும். பன்னிரண்டாம் நாள் இரவில் காய்ச்சல் வரும்போது, கீழ்க்கடைவாயில் ஆடும் பல் ஒன்று உண்டென்ற குறிப்பு கோப்பில் இருந்தால், பணியிலுள்ள மருத்துவர் எந்தக் கிருமியை முதலில் ஐயுற வேண்டும் என்பது தெளிவாகும்.

சிகிச்சை நடக்கும் நாட்களில் பல் துலக்குவதை நிறுத்துவதா என்பது வீடுகளில் எழும் வினா. துலக்கினால் கிருமி குருதியில் கலக்கும் என்று மேலே கூறியதைக் கேட்டவர் நிறுத்துவதே நலம் என்று கருதக்கூடும். அது தவறு. நிறுத்தினால் ஓரிரு நாளில் படலம் தடிக்கிறது, ஈறு வீங்குகிறது, பின்னர் மெல்லும்போதெல்லாம் கிருமி உள்ளே செல்கிறது. மிக மென்மையான தூரிகையால், அழுத்தாமல், நாளுக்கு இருமுறையாவது துலக்க வேண்டும். குருதித்தட்டணு மிகத் தாழ்ந்து ஈற்றில் குருதி நில்லாது கசிந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு, ஈரத் துணியால் துடைப்பதற்கு மாறலாம். பொய்ப்பல் அணிவோர் இரவில் அதனைக் கழற்றிக் கழுவி வைத்தல் வேண்டும். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி அளவு உப்பும் கலந்து நாள்தோறும் பலமுறை கொப்பளிப்பது எளியது, செலவற்றது. சாராயம் கலந்த வாய்கழுவும் நீர்மங்கள் புண்ணை எரிக்கும். மெல்ஃபலான் போன்ற சில மருந்துகளை ஏற்றும்போது வாயில் பனிக்கட்டியை வைத்துச் சுவைப்பதால் புண் குறைகிறது என்பதும் ஆய்வில் உறுதிப்பட்டது. குளிர்ச்சியால் வாய்த்தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்குக் குறைவாகவே செல்கிறது.

வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, உமிக்கரி, உப்புத்தூள் ஆகியவற்றைப் பாட்டனார் பயன்படுத்தினார் என்பது உண்மை. நலமுள்ள ஈற்றுக்கு அவை ஆகாதென்று எவரும் சொல்லவில்லை. வெள்ளணு குன்றியவரின் ஈற்றில் குச்சியின் சிம்பு கிழிக்கும் ஒரு கீறலே போதும். அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் அவற்றை ஒதுக்கி வைத்தல் நலம். வெற்றிலை பாக்கையும் அவ்வாறே. நீரை வடிகட்டிக் காய்ச்சி அருந்தும் வழக்கமுள்ள இல்லங்களில் கொப்பளிக்கவும் அந்நீரையே பயன்படுத்தலாம்.

நோன்பு பற்றியும் ஒரு சொல். பல் துலக்காமை துறவியர்க்கு உரிய இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஒன்று. இல்லறத்தாருள் சிலரும் உண்ணாநோன்பு நாட்களில் அதனைக் கைக்கொள்கின்றனர். நலமுடையோர் ஒருநாள் துலக்காதிருப்பதால் கேடு விளைந்துவிடாது. புற்றுநோய் மருந்து பெறுபவரோ, உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரோ அவ்வாறிருந்தால், உண்ணாமையாலும் நீர் குறைவாலும் உமிழ்நீர் சுரப்பு குன்றி, வாய் வறண்டு, படலம் பெருகும். இத்தகையோர் நோன்பு ஏற்கும் முன்னர் மருத்துவரிடமும் சமயப் பெரியோரிடமும் ஒருசேரக் கேட்டுக்கொள்வது தக்கது. வீட்டிலுள்ளோர் கேட்கத் தயங்கும் இடமும் இதுவே. நோயாளியே முன்வந்து கேட்டால் குடும்பத்தின் சுமை குறையும்.

குருதிப் புற்றுநோயாளிக்கு மட்டும் உரியதன்று இச்செய்தி. சிறுநீரகம் மாற்றப்பெற்று வாழ்நாள் முழுதும் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து உண்போர், நெடுங்காலம் ஸ்டீராய்டு உண்போர், சர்க்கரை கட்டுக்கடங்காதோர் ஆகியோரும் தத்தம் அளவில் இவ்வட்டத்துள் அடங்குவர். மண்ணீரல் அகற்றப்பட்டவர் தனிவகை. விபத்தாலோ, தலசீமியா போன்ற நோயாலோ அதனை இழந்தவர்க்குக் குருதியை வடிகட்டும் சல்லடையே இல்லை. அவர்க்குத் தம் வாய் மட்டுமன்று, நாயின் வாயும் ஆபத்து. நாயின் வாயில் வாழும் கேப்னோசைட்டோபேகா கேனிமார்சஸ் என்னும் கிருமி, கடியாலோ, புண்ணை நக்குவதாலோ உட்புகுந்து சில நாளில் உயிரைப் பறிக்கவல்லது. தெருநாய்க்கு அன்புடன் சோறிடும் வழக்கமுடையோர் இங்குப் பலர். அவர்களுள் மண்ணீரல் இல்லாதவர் இருப்பின் சோறிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. கையில் கீறலோ புண்ணோ இருந்தால் நாய் நக்கவிடாது விலகி இருத்தலும், கடிபட்டால் நன்கு கழுவி, வெறிநாய்த் தடுப்பூசியோடு நில்லாமல், தமக்கு மண்ணீரல் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லி, கிருமிக்கொல்லி மருந்தும் பெறுதலும் வேண்டும்.

இறுதியாகக் காய்ச்சல். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் வெப்பமானி 101 பாகை ஒருமுறை காட்டினாலும், 100.4 பாகை ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது அவசர நிலை. பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதே வீடுகளில் நேரும் பெரும்பிழை. காய்ச்சல் மறைந்தாலும் கிருமி மறைவதில்லை. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்றவுடன் வாயிற்காவலரிடமும் செவிலியரிடமும், புற்றுநோய் மருந்து பெறுபவர், எத்தனையாம் நாள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அங்குக் குருதியை வளர்ப்புக்கு எடுத்தபின், ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊசி ஏறிவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். வாயில் புண் உண்டா, ஆடும் பல் உண்டா, எப்பக்கம் என்பதை உடன் சென்றவர் அப்போதே கூறலாம்.

அந்த வணிகரின் பல்லை அன்றிரவே பிடுங்க இயலாது. வெள்ளணுவும் தட்டணுவும் அத்தனை தாழ்ந்திருக்கையில் அதுவே உயிர்க்கு இடராகும். அவர் தேறி, மூன்று நான்கு வாரத்தில் எண்ணிக்கை ஏறியபின், அடுத்த சுற்று மருந்து தொடங்குவதற்குமுன் கிடைக்கும் சில நாள் இடைவெளியில்தான் பல் மருத்துவரிடம் அவர் செல்ல வேண்டும். அந்த நாளைக் குறித்து வைத்து நினைவூட்டுவது வீட்டிலுள்ளோர் பொறுப்பு.